நாலாவது ஆள்

அன்புள்ள அண்ணா,

12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். ஒரே வீடு, இரண்டு நடிகர்கள், மூன்று நாள். குழுவில் மொத்தம் நான்கு பேர். நான் இயக்கம், ஒருவர் கேமரா, இன்னொருவர் எடிட்டிங், நாலாவது ஆள் சும்மா கூடமாட உதவிக்கு. கையில் இருக்கும் பணத்துக்கு நல்ல கேமரா வாடகைக்கு எடுப்பதா, போனிலேயே எடுத்துவிட்டு லைட்டுக்குச் செலவழிப்பதா? போனில் எடுத்தால் யாரும் மதிக்கமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. ஸ்கிரிப்டை அனுப்பட்டுமா?

அன்புள்ள தம்பிக்கு,

போனிலேயே எடுங்கள். லைட்டும் வேண்டாம், நடிகரை ஜன்னலோரம் உட்காரவைத்து அந்த வெளிச்சம் மாறுவதற்குள் எடுத்து முடியுங்கள். யார் மதிப்பார்கள் என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 'சும்மா'தான். நான்கே பேர் உள்ள குழுவில் ஒருவன் சும்மா இருக்கிறான், ஆனால் கடிதம் முழுக்க ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எப்படி இது? மங்கலான ஷாட்டை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேமரா ஆடினாலும் பார்ப்பார்கள். பேசுவது புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

போன வாரம்தான் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருந்தேன், அதனால் இது ஏற்கனவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என் முதல் குறும்படத்திலும் நான்கு பேர்தான். மகளோடு போனில் பேசிவிட்டு வைக்கும் ஒரு அப்பாவின் காட்சி. நாடகத்தில் பல வருடம் நடித்த ஒரு பெரியவர் செய்தார். கடைசியில் அவர் "சரிம்மா, வச்சிடறேன்" என்று சொன்ன விதத்தில் நின்றுகொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் தொண்டை அடைத்துவிட்டது. ஒரே டேக், போதும் என்று சொல்லிவிட்டேன். யார் காதிலும் ஹெட்ஃபோன் இல்லை. மைக் என்று இருந்தது கேமராவில் உள்ளதுதான், அவரிடமிருந்து பத்தடி தள்ளி. மேலே மின்விசிறி, அடுத்த அறையில் ஃப்ரிட்ஜ். எடிட்டிங்கில் உட்கார்ந்தால் இவை இரண்டுக்கும் அடியில் எங்கோ அவர் குரல் கிடக்கிறது. இரைச்சலைக் குறைக்கக் குறைக்கக் குரலும் சேர்ந்து தேய்ந்தது. டப்பிங்குக்குக் கூப்பிட்டோம். இருபது தடவைக்கு மேல் சொல்லிப் பார்த்தார், உதடு சேர்ந்தது, அந்த 'சரிம்மா' திரும்பி வரவில்லை. "அன்னைக்கு நான் பேசலைப்பா, அழுகையை முழுங்கிக்கிட்டிருந்தேன். இங்க நின்னுக்கிட்டு அதை எப்படி முழுங்குறது?" என்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும்.

அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 'எல் மரியாச்சி'யை எடுத்த கதை எனக்கு அப்போது தெரியாது. 1992-இல் வந்த படம், சுமார் 7,000 டாலரில் ஏறக்குறையத் தனியாளாக எடுத்தது. அவருடைய கேமரா போட்ட சத்தத்தில் கூடவே குரலைப் பதிய வழியில்லை. அதனால் காட்சியை எடுத்ததும் கேமராவை நிறுத்திவிட்டு, நடிகர்களை அங்கேயே வசனத்தை மறுபடி சொல்லவைத்து, மைக்கைப் பக்கத்தில் வைத்து கேசட் ரெக்கார்டரில் பதிந்துகொண்டார். உதடு விலகும் இடத்தில் வேறு ஷாட்டுக்கு வெட்டிவிட்டார். நானும் அந்தப் பெரியவரை, அந்த நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால், விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

சரி, அந்த நாலாவது ஆளைக் கூப்பிடுங்கள். மூன்று நாளும் அவனை ஒரு பொருள் தூக்கக்கூட அனுப்பாதீர்கள். ஒரு சின்ன ரெக்கார்டர், ஒரு மைக், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். கேமராவுக்கு வைத்திருந்த பணம் இதற்குப் போகட்டும். மைக் நடிகரின் வாயிலிருந்து இரண்டடிக்குள், ஃப்ரேமுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் வாயிலிருந்து நேராக வரும் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும், அறையின் இரைச்சல் அப்படியேதான் இருக்கும். ரெக்கார்டர் காட்டும் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் ஏறி இறங்கட்டும், பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும். ஒவ்வொரு டேக்கிலும் ஃப்ரேமுக்குள் ஒரு தடவை கை தட்டுங்கள், எடிட் செய்பவர் ஒலியைப் படத்தோடு சேர்க்க அதுதான் பிடி. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், அப்போதுதான் கிளம்பும்போது திரும்பப் போடும் ஞாபகம் வரும். அப்புறம், ஒவ்வொரு அறையிலும் வேலை முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும்.

அவன் இன்னொரு டேக் வேண்டும் என்றால் இன்னொரு டேக் எடுங்கள். எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் எடுங்கள்.

ஸ்கிரிப்டை அனுப்ப வேண்டாம். முதல் நாள் பதிந்ததில் ஒரு நிமிடம் அனுப்புங்கள், படம் இல்லாமல், ஒலி மட்டும்.