ஹிரோஷிமாவின் பழைய வங்கிக் கட்டடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஹிரோஷிமாவில் ஒரு பழைய வங்கிக் கட்டடம் இப்போது கண்காட்சி, கலை நிகழ்ச்சிகளுக்கான கூடமாக இருக்கிறதாமே? அமைதி நினைவுப் பூங்காவுக்குப் போகும் அன்றே அதையும் பார்த்துவிட முடியுமா? எப்படிப் போவது? (ஒசாகாவில் வசிக்கும் வாசகி)

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். அது ஜப்பான் வங்கியின் பழைய ஹிரோஷிமா கிளை. நம் ரிசர்வ் வங்கி போன்ற மத்திய வங்கி. 1992 வரை வங்கியாகவே இயங்கியது. 2000இல் நகராட்சி அதைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை. பழங்கட்டடம் என்பதால் பராமரிப்புக்காகவும் மூட நேரலாம். கிளம்பும் முன் நகராட்சி அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, கைப்பேசி வரைபடம். வெறுமனே ‘ஜப்பான் வங்கி, ஹிரோஷிமா கிளை’ என்று தேடினால், மோட்டோமாச்சியில் இப்போது இயங்கும் கிளைக்குக் கொண்டுபோய் விடும். பெயருக்கு முன்னால் ‘கியூ’ சேர்த்துத் தேடுங்கள். ‘முன்னாள்’ என்று பொருள். இரண்டாவது, டிராம். ஹிரோஷிமா ரயில் நிலையத்திலிருந்து 1ஆம் எண், 5ஆம் எண் இரண்டுமே ‘ஹிரோஷிமா துறைமுகம்’ என்றுதான் பலகை போட்டிருக்கும். 5ஆம் எண் ஹிஜியாமா வழியாகச் சுற்றிப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது காமியாச்சோ வழியாகப் போகும் 1ஆம் எண். ஹோன்டோரிக்கு அடுத்த நிறுத்தமான ஃபுகுரோமாச்சியில் இறங்கினால் கட்டடம் எதிரிலேயே. காசு இறங்கும்போதுதான் கொடுக்க வேண்டும், சரியான சில்லறையாக. வண்டியில் உள்ள இயந்திரத்தில் 1,000 யென் தாளை மாற்றலாம். 10,000 யென் தாளோடு ஏறினால் திண்டாட்டம்தான். பூங்காவிலிருந்து வருவதானால் டிராமே வேண்டாம், ஏறக்குறைய பத்து நிமிட நடை.

கேள்வி: குண்டு வெடித்த இடத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தும் அது எப்படித் தப்பியது? உள்ளே என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் நன்றாயிருக்கும். (மதுரை வாசகர்)

பதில்: உள்ளே போகும் முன் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று ஜன்னல் வரிசைகளைப் பாருங்கள். கதை அங்கே தொடங்குகிறது.

நாகானோ உஹெய்ஜி வடிவமைத்து 1936இல் முடிந்த கட்டடம் இது. தரைக்கு மேல் மூன்று தளம், கீழே ஒரு நிலவறை. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ பட்ட பாட்டுக்குப் பிறகு கட்டியது. அதிலும் மத்திய வங்கி என்பதால் கான்கிரீட்டில் சிக்கனம் பார்க்கவில்லை. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு குண்டு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதற்கு நேர் கீழுள்ள இடத்திலிருந்து கட்டடம் 380 மீட்டர். அதனால் அதிர்ச்சி அலை பக்கவாட்டில் வந்து மோதுவதைவிட, மேலிருந்து சரிவாக வந்து அழுத்தியது. கனத்த சுவர்கள் தாங்கிக்கொண்டன. கூரையின் கண்ணாடி தாங்கவில்லை.

தீ விஷயம் வேறு. வங்கி திறக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை. கீழ் இரண்டு தளங்களின் இரும்பு ஷட்டர்கள் இறக்கியே இருந்தன. மூன்றாம் தளம் நிதித்துறை அலுவலகத்துக்கு வாடகைக்கு விட்டது. அங்கே ஷட்டர்களைத் திறந்திருந்தார்கள். அந்தத் தளம் எரிந்தே போனது. கீழே உட்புறம் பெருமளவு மிஞ்சியது. ஒரே கட்டடம், ஒரே குண்டு. வேறுபாடு ஷட்டர் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்பதுதான். ஆனால் கட்டடம் நின்றதாலேயே உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 42 பேர் இறந்தார்கள்.

இப்போது உள்ளே போய், வாடிக்கையாளர் நிற்கும் தளத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தக் கூரைக் கண்ணாடி சிதறிய நிலையில்தான் ஆகஸ்ட் 8ஆம் தேதி, இரண்டே நாளில், வங்கி மறுபடி வேலையைத் தொடங்கியது. இடம் இழந்த மற்ற வங்கிகளும் இதே கூடத்தில் ஆளுக்கொரு பகுதியில் கவுண்டர் போட்டுக்கொண்டன. மழை பெய்தால் உள்ளேயே குடை பிடித்தார்கள்.

கேள்வி: பெட்டக அறைக்குள் போக விடுவார்களா? படம் எடுக்கலாமா? (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: நிலவறைக்கு இறங்கிப் பெட்டக அறையைப் பார்க்கலாம். எஃகுக் கதவின் விளிம்பைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அதன் கனம் முன்னாலிருந்து தெரியாது. பெட்டகத்தில் இருந்த பணம் பாதுகாப்பாக இருந்ததால்தான் இரண்டு நாளில் திறக்க முடிந்தது. மற்ற வங்கிகளுக்கு ரொக்கம் வர வேண்டியதும் இங்கிருந்துதானே.

கூடங்களைக் கண்காட்சிக்கு விடுவதால், சில நாள் தடுப்புப் பலகைகள் பழைய கவுண்டரையே மறைத்துவிடும். கட்டடத்துக்காகவே போகிறவர்கள் கண்காட்சி இல்லாத நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. படம் எடுப்பதைப் பொறுத்தவரை, காட்சிக்கு வைத்த படைப்புகளுக்கு அந்தந்த ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அரை நாள் கையில் இருக்கிறது. பக்கத்தில் வேறு என்ன? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: ஃபுகுரோமாச்சி தொடக்கப் பள்ளியின் அமைதி அருங்காட்சியகம். சில நிமிட நடைதான், கட்டணம் இல்லை. வெடிப்பு மையத்திலிருந்து 460 மீட்டரில் இருந்த பள்ளி. மிஞ்சிய கட்டடத்தில் காயம்பட்டவர்களைச் சேர்த்தார்கள். உறவினரைத் தேடி வந்தவர்கள் புகை படிந்து கறுத்த சுவரில் சுண்ணக்கட்டியால் செய்தி எழுதிவைத்தார்கள்: இன்னாரைக் காணவில்லை, இன்னார் இந்த இடத்தில் இருக்கிறார் என்று. பிறகு சுவரைத் துடைத்து மேலே பூசிவிட்டார்கள். 1999இல் பூச்சைப் பெயர்த்தபோது எழுத்துகள் வெளியே வந்தன, ஆனால் நிறம் மாறி. சுற்றியிருந்த கரி போய்விட்டது. சுண்ணக்கட்டிக் கோட்டுக்கு அடியில் இருந்த கரி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாக எழுதியது கறுப்பாக நிற்கிறது. முதலில் வங்கி, பிறகு பள்ளி என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்; அந்தச் சுவரைப் பார்த்த பிறகு வேறொன்றையும் கவனித்துப் பார்ப்பது கடினம்.