பூட்டி வச்ச கேமும் அழியற சிப்பும்

கேள்வி: வெளிவராத வீடியோ கேமோட ப்ரோட்டோடைப்ப, அதாவது கம்பெனி உள்ளுக்குள்ள செஞ்சு பாத்த சோதனைப் பிரதிய, சிலர் ஆயிரக்கணக்குல டாலர் கொட்டி வாங்கி, யாருக்கும் காட்டாம பீரோல பூட்டி வச்சிருக்காங்களாமே. அவங்க காசு, அவங்க இஷ்டம்னு விட்டுறலாமா? காப்பி எடுத்து எல்லாருக்கும் குடுத்தா அது திருட்டு இல்லையா?

பதில்: கார்ட்ரிட்ஜ், அதாவது கேம் சிப்ப வச்சு மெஷின்ல சொருகற டப்பா, அவங்களோடதுதான், அத யாரும் பிடுங்கவும் கூடாது. ஆனா உள்ள இருக்கற கேம காப்பிகூட எடுக்காம பூட்டி வைக்கறது தப்புன்னுதான் நான் சொல்வேன், ஏன்னா பூட்டி வச்சாலும் அது உள்ளயே அழிஞ்சிட்டுதான் இருக்கு.

கடைல வித்த கார்ட்ரிட்ஜ்ல கேம் ஃபேக்டரிலயே சிப்புல பதிஞ்சிருக்கும். அந்தக் கால ப்ரோட்டோடைப்ல பெரும்பாலும் இருக்கறது ஈப்ராம் சிப். நடுவுல குட்டியா ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும், அது வழியா புற ஊதா வெளிச்சம் காட்டுனா இருக்கறது அழிஞ்சிரும், திரும்ப புதுசா எழுதிக்கலாம், தினம் தினம் கேம மாத்திட்டே இருக்கற ஆளுங்களுக்கு அதுதான வசதி. ஜன்னல் மேல ஒரு ஸ்டிக்கர ஒட்டி, பேனாவால கேம் பேரும் தேதியும் கிறுக்கி வச்சிருப்பாங்க. அந்த ஸ்டிக்கர் உரிஞ்சு வருஷக்கணக்கா வெளிச்சம் பட்டா அவ்ளோதான். படலைனாலும், கேம் சிப்புல பதிஞ்சிருக்கறது மின் சார்ஜாத்தான், அந்த சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிட்டே இருக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, கார்ட்ரிட்ஜ் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும்.

1989ல ஜப்பான்ல ஃபேமிகாம்ங்கற நிண்டெண்டோ கேம் மெஷினுக்கு வந்த 'மதர்'ங்கற கேம நிண்டெண்டோ அமெரிக்காவுக்காக முழுசா இங்கிலீஷ்ல மாத்தி முடிச்சு, அப்புறம் வெளியிடாமலே விட்டுட்டாங்க. 1998ல அதோட ஒரு ப்ரோட்டோடைப் வெளிய வந்தப்ப ரசிகர்கள் சேர்ந்து காசு போட்டு, அத வச்சிருந்தவருக்கு 400 டாலர் குடுத்து காப்பி எடுத்தாங்க. இது போலின்னு சொன்னவங்களும் உண்டு. ஆனா பி பட்டன அழுத்துனா கேம்ல வர்ற ஆள் ஓடறதுன்னு ஜப்பான் கேம்ல இல்லாத விஷயமெல்லாம் அதுல இருந்துச்சு, அதெல்லாம் 2003ல ஜப்பான்ல மறுபடி வந்த பதிப்புலயும் அப்படியே இருந்துச்சு. கடைசில 2015ல நிண்டெண்டோவே அந்த இங்கிலீஷ் கேம எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்னு பேர் வச்சு வித்தாங்க. காப்பி சுத்துனதால கேம் கெட்டுப் போகல, இத்தன வருஷம் அத ஞாபகம் வச்சு கேட்டுட்டே இருந்தது அந்த ரசிகர்கள்தான்.

திருட்டான்னு கேட்டீங்களே. சட்டப்படி காப்பிரைட் கம்பெனிக்குத்தான், கார்ட்ரிட்ஜ வாங்குனா அந்த உரிமையும் சேர்ந்து வந்துராது, அதனால எல்லாருக்கும் குடுக்கறது சட்டப்படி சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கைவிட்ட கேம காப்பாத்தறதையும், ஆபீஸ்ல இருந்து தூக்கிட்டு வர்றதையும், சர்வர்ல புகுந்து எடுக்கறதையும் ஒரே தட்டுல வைக்க முடியாது. பின்னாடி ரெண்டையும் நான் எந்தக் காரணம் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்.

காப்பிய வெளிய விட்டா விலை குறைஞ்சிரும்னு பயப்படறவங்க, நிண்டெண்டோவும் சோனியும் சேர்ந்து செஞ்சு கடைக்கே வராம போன நிண்டெண்டோ ப்ளேஸ்டேஷன பாக்கணும். அது கேம் இல்ல, மெஷின், ஆனா கதை ஒண்ணுதான். 2015ல வெளிய தெரிஞ்சதுல இருந்து ஊர் ஊரா கண்காட்சிக்குக் கொண்டு போனாங்க, பழைய கேம் மெஷின பிரிச்சு மேயற வீடியோ போடற பென் ஹெக் அத பிரிச்சு ரிப்பேர் பண்றது வீடியோவாவே வந்துச்சு, அப்புறமும் 2020 ஏலத்துல 360,000 டாலருக்குப் போச்சு. சேகரிக்கறவங்களுக்கு அந்த ஒரே பொருள்தான் வேணும், காப்பி எத்தன இருந்தா என்ன?

கேள்வி: என் கைக்கு ஒரு ப்ரோட்டோடைப் வந்தா முதல்ல என்ன பண்ணணும்?

பதில்: ஸ்டிக்கர உரிக்காதீங்க, அழகா இருக்கணும்னு புதுசாவும் மாத்தாதீங்க, அந்தக் கையெழுத்தும் ஒரு ஆதாரம்தான். ஓரம் தூக்கிட்டு இருந்தா வெளிச்சம் படாத மாதிரி மேல கருப்பு டேப் ஒட்டுங்க. அப்புறம் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர வச்சு சிப்புல இருக்கறத ரெண்டு தடவ கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து, ரெண்டு ஃபைலும் ஒண்ணாவே இருக்கான்னு பாருங்க. வேற வேறயா வந்தா கசிவு ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தமா இருக்கலாம், அப்ப நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.