சுயேச்சையான ஆய்வு நிறுவனங்கள் மாணவர்களிடம் நன்னெறிக் கல்வியையும் குடிமைக் கல்வியையும் எப்படி வளர்க்கின்றன?

பல வருடங்களாக நன்னெறி வகுப்பும் குடிமையியலும் எடுத்துவருகிறேன். நடுவில் இரண்டு வருடம் ஓர் ஆய்வு நிறுவனத்தின் திட்டம் எங்கள் பள்ளியில் நடந்தது. அதை வைத்துத்தான் இந்தப் பதில்.

பாடத்திட்டம் எழுதித் தருகிறார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதை அரசுத் துறையும் செய்யும், பதிப்பகங்களும் செய்யும். நாம் சொல்லிக்கொடுத்தது பிள்ளைக்குள் இறங்கியதா என்று பார்த்து, இறங்கவில்லை என்றால் அதை முகத்துக்கு நேராகச் சொல்ல ஒருவர் வேண்டுமே? அந்த வேலைக்குத்தான் இவர்கள் தேவை. பாடப் புத்தகம் விற்பவருக்கும், திட்டத்தை அறிவித்த அதிகாரிக்கும், ஏன், வகுப்பெடுக்கும் எனக்குமே அது கசப்பான வேலை.

இதற்கு மிகப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1920களில் அமெரிக்காவில் ஹக் ஹார்ட்ஷார்ன், மார்க் மே என்ற இருவர் 10,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் நேர்மையைச் சோதித்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஆய்வு நடந்தது. பணம் தந்தது சமூக, சமய ஆய்வுக்கான ஒரு தனி நிறுவனம். சோதித்த விதத்தைக் கேளுங்கள். பிள்ளைகள் ஒரு தேர்வு எழுதுவார்கள். தாளை வாங்கிக்கொண்டு போய், யாருக்கும் தெரியாமல் பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அப்புறம் அசல் தாளையும் சரியான விடைகளையும் பிள்ளையிடமே கொடுத்து, ‘நீயே திருத்து’ என்பார்கள். எந்த விடையை மாற்றினான் என்பது பிரதியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இன்னொரு சோதனையில் கண்ணை மூடிக்கொண்டு சின்னச் சின்ன வட்டங்களுக்குள் எண்களை எழுத வேண்டும். எல்லா எண்ணும் சரியாக உள்ளே விழுந்திருந்தால், கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறான் என்று அர்த்தம்.

முடிவுகள் 1928 முதல் புத்தகங்களாக வந்தன. நேர்மையான பிள்ளை, நேர்மையற்ற பிள்ளை என்று இரண்டு கூட்டம் இல்லை. தேர்வில் ஏமாற்றாதவன் விளையாட்டில் ஏமாற்றினான். நேர்மையைப் பற்றி வகுப்பில் எவ்வளவு பேசினாலும் அதற்கும் நடத்தைக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை. ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே இணக்கம் இருந்த வகுப்புகளில் ஏமாற்றுவது குறைவாக இருந்தது. (பின்னால் வந்தவர்கள் அதே தரவை மறுபடி கணக்கிட்டு, நிலையான குணம் என்று ஒன்று ஓரளவு இருக்கத்தான் செய்கிறது என்று காட்டினார்கள். எண்களை வெளியிட்டிருந்ததால்தான் அப்படித் திருத்த முடிந்தது.) சமயக் கல்வியில் அக்கறையுள்ள ஒரு நிறுவனத்தின் பணத்தில், ‘போதனை மட்டும் போதாது’ என்ற முடிவு வெளியானதே, அதைத்தான் நான் சுயேச்சை என்கிறேன்.

எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த பெண் கடைசி பெஞ்சில் ஒரு நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அன்றைய தலைப்பு ‘பிறர் கருத்துக்கு மதிப்பளித்தல்’. பாடம் நன்றாகப் போனது என்று மனநிறைவோடு வெளியே வந்தேன். அவர் ஒரு தாளை நீட்டினார். 40 நிமிட வகுப்பில் 31 நிமிடம் நான்தான் பேசியிருந்தேன். மீதியில் பாதி, நான் கேட்ட கேள்விக்கு எல்லோரும் சேர்ந்து சொன்ன ‘ஆமாம் மிஸ்’. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எண்ணை மட்டும் காட்டினார்.

வகுப்பில் தயங்காமல் மாறுபட்டுப் பேச முடிகிறதா என்பது குடிமைக் கல்வியில் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியதும் இப்படிப்பட்ட ஆய்வுதான். ஐ.இ.ஏ. என்ற சர்வதேசக் கல்வி ஆய்வு அமைப்பு 1999இல் 28 நாடுகளில் 14 வயதுப் பிள்ளைகளிடமும், 2009இல் 38 நாடுகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் குடிமை அறிவை அளந்தது. திறந்த விவாதம் நடக்கும் வகுப்பில் இருப்பதாகச் சொன்ன பிள்ளைகளுக்குப் பொதுவாகக் குடிமை அறிவும் கூடுதலாக இருந்தது. இதிலிருந்து விவாதம்தான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. ஆனாலும் ஓர் ஆசிரியை தன் வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்ள இது போதுமான காரணம்.

காரணத்தையே பிடிக்க வேண்டுமானால் குலுக்கல் மாதிரி ஏதாவது வேண்டும். டெமாக்ரசி பிரெப் என்ற அமெரிக்கப் பள்ளிக் குழுமத்தில் இடம் குலுக்கலில்தான் கிடைத்தது. அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்தப் பள்ளிகள் பிற்பாடு வாக்களிக்கும் விகிதத்தைச் சுமார் 12 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தன. இதே நிறுவனம் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, 2010இல் ஏழு குணநலத் திட்டங்களைச் சோதித்து, சராசரியாகக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று சொன்னது. இரண்டும் வெளியே வந்தன. என்னிடம் யாராவது ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்: ‘பலிக்கவில்லை’ என்று எப்போதாவது எழுதியிருக்கிறார்களா? பணம் தருபவர் அறிக்கையை நிறுத்திவைக்க முடியுமா? முடியும் என்றால் பள்ளிக்குள்ளேயே விடாதீர்கள்.

சரி, மாணவர்களுக்கு நேரடியாக என்ன கிடைக்கிறது? என் அனுபவத்தில் ஆய்வு செய்யும் பழக்கம்தான். கடிகாரத்தோடு வந்த அதே பெண் இரண்டாம் வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், “உங்கள் பள்ளியில் எது நியாயமில்லை என்று நினைக்கிறீர்கள்? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் கிடைப்பதில்லை என்பதை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நாள், ஒவ்வொரு இடைவேளையும், எந்த வகுப்பு எத்தனை நிமிடம் மைதானத்தில் இருந்தது என்று நோட்டில் குறித்தார்கள். பத்தாம் வகுப்பு அண்ணன்கள்தான் மாட்டப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் நிச்சயம்.

கூட்டிப் பார்த்தால் அதிக நேரம் பிடித்திருந்தது எட்டாம் வகுப்பு. இவர்களே.

ஒரு பையன் என்னிடம் வந்து, “மிஸ், நம்ம வரியை மட்டும் விட்டுடலாமா?” என்று மெதுவாகக் கேட்டான். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இருந்த பெண் கையைக் காட்டி நிறுத்தினார். பத்து வினாடி இருக்கும். பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டிருந்த மாணவி, “அப்புறம் எதுக்குடா எண்ணினோம்?” என்றாள். பெரிய சண்டை வந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

தலைமையாசிரியர் முன்னால் அறிக்கையைப் படித்தபோது அந்த வரி முதலில் இருந்தது. படித்தது அந்தப் பையன்தான். அடுத்த வாரத்திலிருந்து மூன்றாம் வகுப்புக்கு ஓர் இடைவேளை ஒதுக்கும் கால அட்டவணையை அவர்களே போட்டு, மைதானத்துச் சுவரில் ஒட்டினார்கள்.