இணையவழிப் பாடத்திட்டத்தை ஏஐ வகுக்கலாமா?

கேள்வி: கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். முதுகலை மாணவர்களுக்குக் ‘கல்விசார் எழுத்தும் பேச்சும்’ என்ற 8 வார இணையவழிப் பாடத்தை வகுக்கும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. சாட்ஜிபிடியிடம் கேட்டேன், சில நிமிடங்களில் முழுத் திட்டமும் கிடைத்தது. பார்க்க ஒழுங்காக இருந்தாலும், என் மாணவர்களுக்கு உரியதாகத் தோன்றவில்லை. ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: உங்களுக்குத் தோன்றியது சரியே. மாணவர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் கேட்டால், அந்தக் கருவி தான் கற்றவற்றுள் மிகுதியாகக் கண்ட வடிவத்தையே தரும். அது பெரும்பாலும் ஆங்கிலவழிப் பல்கலைக்கழகப் பாடத்தின் வடிவமாகத்தான் இருக்கும். முதல் வாரம் தகவல் தொடர்பின் வரையறை, கடைசி வாரம் கருத்தரங்க உரை என்ற அந்த அடுக்கு எந்தக் கல்லூரிக்கும் பொருந்துவதுபோல் தோன்றும்.

ஆகவே முடிவிலிருந்து தொடங்குங்கள். 8ஆம் வாரத்தின் இறுதியில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும்? 200 சொற்களில் ஓர் ஆய்வுச் சுருக்கம், 10 நிமிடக் கருத்தரங்க உரை, அதன்மேல் எழும் கேள்விகளுக்கு விடை என்று வைத்துக்கொள்வோம். இதை நீங்களே முடிவுசெய்யுங்கள்; ஏஐயிடம் விடாதீர்கள். அடுத்து, முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதிய ஐந்தாறு சுருக்கங்களை அவர்களின் ஒப்புதலோடு பெற்று, பெயர், பதிவெண் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டு, அவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று முதலில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளையும் சுருக்கங்களையும் சேர்த்துக் கொடுத்து, “இந்தத் தடுமாற்றங்களை எந்த வரிசையில் களையலாம்?” என்று கேட்டால், முன்பு கிடைத்த பொதுத் திட்டத்துக்கு மாறாக, விவாதித்துத் திருத்தத் தக்க ஒரு வரைவு கிடைக்கும்.

எல்லைப்பகுதி ஆசிரியர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் கோவிந்தாபுரத்திலிருந்தும் வரும் மாணவர்களில் பலர் தமிழ்வழியில் பயின்றிருப்பார்கள். ஆனால் அவர்கள் நாள்தோறும் காணும் அறிவிப்புகளும் படிவங்களும் மலையாளத்தில் இருக்கும். மலையாளத்தில் ‘பிரபந்தம்’ என்றால் ஆய்வுக்கட்டுரை. தமிழ் மாணவருக்கு அது சிற்றிலக்கியத்தையோ ஆழ்வார் பாசுரங்களையோ நினைவூட்டும். மலையாளத்தில் ‘உபன்யாசம்’ என்றால் கட்டுரை. தமிழில் அது கோயில் மண்டபத்தில் கேட்கும் சமயச் சொற்பொழிவு. மலையாளப் பாடக்குறிப்பைத் தமிழாக்கித் தருமாறு ஏஐயிடம் கேட்கும்போது இத்தகைய சொற்கள் அப்படியே கடந்துவந்துவிடக்கூடும். ஒலி பழகியதாக இருப்பதால் நம் கண்ணுக்கும் தப்பிவிடும். எனவே முப்பது நாற்பது சொற்களைக் கொண்ட ஒரு சொற்பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் கருவிக்குக் கொடுத்துவிடுங்கள். மாணவர்களையே இதற்குச் சொல் திரட்டச் சொன்னால், முதல் வாரப் பயிற்சியும் அதிலேயே அமைந்துவிடும்.

இந்தக் கருவிகள் பெரிதும் கைகொடுப்பது பயிற்சிப் பொருள் ஆக்குவதில்தான். ஒரு நல்ல ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்து, அதையே ஒருமுறை மிகைபடக் கூறியும், ஒருமுறை கூறியதையே கூறியும், ஒருமுறை சொல்லவந்ததை விட்டு மற்றொன்றை விரித்தும் எழுதித் தரச் சொல்லுங்கள். இவை பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரம் எடுத்துரைக்கும் 10 குற்றங்களில் மூன்று. உங்கள் மாணவர்கள் இதைப் படித்தவர்கள். மதிப்பீட்டு அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஏஐ எழுதும் தமிழையும் இதே அளவுகோலால் அளக்கச் செய்யுங்கள். சொல் நிரம்பிப் பொருள் மெலிந்த பத்தியைக் காணும்போது ‘வெற்றெனத் தொடுத்தல்’ என்று மாணவரே பெயர் சொல்லிச் சுட்டும் நாளில், அவர் தம் எழுத்தையும் அந்தக் கண்ணோடு படிக்கத் தொடங்கியிருப்பார். இரண்டு பாடல்களைச் சான்றாக வைத்துக்கொண்டு ‘ஐயமின்றி நிறுவப்படுகிறது’ என்று எழுதும் பழக்கத்தை ‘எனக் கருத இடமுண்டு’ என்று மாற்றும் பயிற்சிக்கும் ஒரு முழு வாரம் ஒதுக்குவது தகும்.

மேற்கோள்களில் மட்டும் சிறிதும் தளர வேண்டாம். இல்லாத நூலுக்கும் பதிப்பாண்டும் பக்க எண்ணும் தரும் இயல்பு இக்கருவிகளுக்கு உண்டு. நூலகப் பட்டியலிலோ மூல நூலிலோ நேரில் பார்க்காத எதையும் பாடத்தில் சேர்க்காதீர்கள்.

மதிப்பெண் இடுவதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஏஐ எழுதியதா?’ என்று கண்டறியும் மென்பொருளை நம்பி ஒரு மாணவரைக் குற்றம் சாட்டுவது அநீதியாக முடியலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் தானே திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய மென்பொருள்கள் ஏஐ எழுதியவை என்று தவறாகக் குறித்ததை, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் காட்டினர். அத்தகைய மென்பொருளுக்குப் பதிலாக, மாணவரிடம் முதல் வரைவு, திருத்திய வரைவு, இறுதி வடிவம் ஆகிய மூன்றையும் வாங்கி, ஐந்து நிமிடம் நேரில் பேசுங்கள். தாம் எழுதியதை விளக்க முடிகிறதா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏஐயை எங்கே பயன்படுத்தினார் என்பதை இரண்டு வரியில் அவரே எழுதித் தரும் வழக்கத்தையும் முதல் வாரத்திலிருந்தே ஏற்படுத்துங்கள்.

நெல்லியாம்பதித் தோட்டப் பகுதியிலிருந்து பயிலும் மாணவர் இருந்தால், இணைய இணைப்பு தடைபடக்கூடும் என்பதால் நீண்ட காணொளிகளைத் தவிர்த்து, ஒலிப்பதிவாகவும் சிறிய பிடிஎஃப் கோப்பாகவும் பாடத்தைத் தாருங்கள். பாடத்தைத் தொடங்குமுன், இரண்டாம் வாரத்துக்கான பகுதியை மட்டும் இரண்டு மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் கைப்பேசியிலேயே முடிக்கச் சொல்லுங்கள். எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் குறித்துக்கொண்டு, மீதி ஆறு வாரங்களை அதன்பிறகு எழுதுங்கள்.