பறவை பார்க்கப் போகலாமா? கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் பறவை பார்க்க வழிகாட்டியோடு போவது பற்றி நம் குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பல ஆண்டுகளாக வார இறுதிகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் என்ற முறையில் இன்று மாலை உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நான் இதற்குப் பணம் வாங்குவதில்லை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தெம்பனிஸிலிருந்து ஓர் அன்பர்: திருச்சியிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல். முதல் தடவை எங்கே கூட்டிப்போவது?

எப்போது வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் என்றால் யோசிக்கவே வேண்டாம், சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். சைபீரியா பக்கமிருந்து குளிருக்கு முன் கிளம்பும் கரைப்பறவைகள் அங்கே வந்து இறங்கும். ஊரில் கோடியக்கரைக்குப் போயிருந்தால் அப்பாவுக்கு இவற்றில் பல தெரிந்த முகங்களாகவே இருக்கும். பவளக்காலி, பச்சைக்காலி, அலகு வளைந்த கோட்டான் (ஆந்தை இல்லை, இதுவும் கரைப்பறவைதான்), பொன்னிற உப்புக்கொத்தி எல்லாம் அங்கே உண்டு.

ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் போகாதீர்கள், கடலைப் பார்த்துப் போங்கள். நீர் வற்றியிருக்கும்போது இந்தப் பறவைகள் வெளியே சேற்றுவெளியில் பரவி மேய்ந்துகொண்டிருக்கும், கண்ணுக்குப் புள்ளிகளாகத்தான் தெரியும். நீர் ஏற ஏறச் சேறு மூழ்கும். மேய இடமில்லாமல் அவை கூட்டம் கூட்டமாக உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும். மறைப்புக் குடிலில் உட்கார்ந்தபடியே பெரியவர்கள் ஆற அமரப் பார்க்கலாம். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். நீர் உச்சத்துக்கு வரும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன சனிக்கிழமை ஒருவர் பார்த்த நேரம் இந்தச் சனிக்கிழமைக்கு உதவாது. நல்ல வழிகாட்டி இதைப் பார்க்காமல் நாள் குறிக்க மாட்டார். அட்டவணையைப் பற்றிப் பேசாமல் “காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள்” என்று மட்டும் சொன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரலுக்குப் பிறகு வந்தால் பூமலை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. காலை 5 மணிக்கே திறந்துவிடும், பாதைகள் நன்றாக இருக்கும், உட்கார இருக்கைகளும் நிறைய.

செங்காங்: என்ன பைனாகுலர் வாங்கலாம்?

8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், மரநிழலில் பறவையைத் தேடவும் கஷ்டம். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு நடை போய்ப் பாருங்கள்.

ஜூரோங் வெஸ்ட்: இருவாச்சியை நிச்சயம் காட்டுவேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். நம்பலாமா?

‘நிச்சயம்’ என்ற சொல்லைக் கேட்டதும் விலகிவிடுங்கள். காட்டுப் பறவையை நிச்சயமாகக் காட்டுகிறேன் என்பவர் ஒன்று தீனி போட்டு வரவழைப்பார், அல்லது கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு இழுப்பார். தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம். 2020இல் வனவிலங்குச் சட்டம் கடுமையானது. முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், மறுமுறை 10,000 வரை. குரல் போடுவதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். இன்னொன்று, சுற்றுப்பயணிகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்ட உரிமம் வேண்டும். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இருவாச்சியின் கதை தெரிந்தால் பார்க்கிற கண்ணே மாறும். 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரில் காணாமல் போன பறவை. 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. வந்துவிட்டது சரி, கூடு வைக்க வேண்டுமே? பெரிய பொந்துள்ள முதிர்ந்த மரங்கள் குறைவு. பெண் பறவை பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும், ஒரு சின்னக் கீறல் மட்டும் விட்டு. ஆண் அந்தக் கீறல் வழியே பழமும் பூச்சியும் ஊட்டும். பொந்து இல்லையென்றால் குஞ்சு இல்லை. அதனால் ஆய்வாளர்கள் மரங்களில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகளைப் பொருத்தினார்கள், பறவைகள் ஏற்றுக்கொண்டன. இன்று வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக் சன்னலோரத்தில்கூட வந்து உட்காருகிறது. சாங்கி, பாசிர் ரிஸ், உபின் பக்கம் காலையில் இரண்டு மணி நேரம் பொறுமையாக நடந்தால் கண்ணில் படும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. யாரும் உறுதி கொடுக்கத் தேவையில்லை.

பிடோக்: எந்த கேமரா, எந்த லென்ஸ்?

அது என் துறை இல்லை. குழுவில் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

ஈசூன்: எங்கள் புளோக்குக்கு எதிரே குயில் விடியற்காலை நாலரைக்கே ஆரம்பிக்கிறது. நான் இரவு வேலை. யாரிடம் சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள்?

இதற்குப் பதில் எழுதுவதற்குள் கீழே பதினோரு பேர் வந்துவிட்டீர்கள். “குயில் சத்தத்தைக் குறை சொல்பவர் தமிழரா?” என்று தோ பாயோ அன்பர் கேட்கிறார். அங் மோ கியோ அக்கா “அது பாடவில்லை, கத்துகிறது” என்கிறார். இன்னொருவர் பெண் குயில்தான் பாடும் என்று அடித்துச் சொல்கிறார்.

முதலில் ஈசூன் அன்பருக்கு. உங்கள் வருத்தம் நியாயமானது. இரவெல்லாம் உழைத்துவிட்டு வந்து படுக்கும்போது அந்தக் குரல் ஏறிக்கொண்டே போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தோ பாயோ அன்பரே, குயிலை நேசிக்கிறவன்தான் நானும். ஆனால் தூக்கம் கெட்டவரைப் பார்த்து இப்படிக் கேட்பது சரியில்லை.

இனி பறவைக்கு வருவோம். ஏறி ஏறிக் கூவுவது ஆண். உடல் முழுக்கக் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். அதன் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று வெட்டி வெட்டி வரும். கதைகளிலும் பாட்டுகளிலும் பெண் பாடுவதாக வருவதால் எல்லோரும் அப்படியே நம்புகிறோம். அடித்துச் சொன்னவர் மறுபடியும் எழுதியிருக்கிறார், பள்ளியில் அப்படித்தான் படித்தாராம். ஐயா, நாளைக் காலை மரத்தடியில் நின்று, கூவுகிற பறவையின் நிறத்தைப் பாருங்கள். அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பிடித்துப் போனால் தீருமா? தீராது. குயில் கூடு கட்டுவதில்லை, இங்கே பெரும்பாலும் காகக் கூட்டில் முட்டையிடும். ஒரு காலத்தில் சிங்கப்பூருக்குப் பெரும்பாலும் வலசையாக வந்து போன பறவை. காகம் பெருகிய பிறகுதான் இங்கேயே தங்கிக் குஞ்சு பொரித்துப் பெருகியது. காகம் எதனால் பெருகுகிறது? மூடாத குப்பைத் தொட்டி, கோப்பிக் கடையில் எடுக்காமல் விட்ட தட்டு, புறாவுக்கென்று கீழே கொட்டுகிற சோறு. ஒரு குயிலைப் பிடித்தால் அந்த மரத்துக்கு இன்னொன்று வரும். நகர மன்றத்திடம் குப்பையைப் பற்றிச் சொல்லுங்கள். காகக் கூடு கண்ணில் பட்டால் தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லுங்கள். அதுவரை காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கூவல் குறையும்.

பொங்கோல்: என்ன பைனாகுலர் வாங்கலாம்?

மேலே செங்காங் அன்பருக்குச் சொல்லியிருக்கிறேன்.

புக்கிட் பாத்தோக்: செயலியில் குரல் போட்டால் பறவை உடனே வருகிறது. இதில் என்ன தவறு?

வருவது விருந்துக்கு அல்ல, சண்டைக்கு. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, குஞ்சையும் இரையையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது. நீங்கள் ஒரு முறை போடுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வரும் குழுவும் போடும், அதற்கடுத்ததும் போடும். ஒரு பறவை நாள் முழுக்க இல்லாத எதிரியோடு போராடிக்கொண்டிருக்கும்.

உபினில் வைக்கோல் நிறத் தலையோடு ஒரு சின்னான் இருக்கிறது. குரலுக்காகவே கூண்டில் அடைத்து விற்று, சுற்றியுள்ள நாடுகளில் காட்டையே காலி செய்துவிட்டார்கள். 2018 முதல் உலக அளவில் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எஞ்சியவற்றில் பெரும் பங்கு இந்தச் சின்னத் தீவு நாட்டில்தான். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். அக்கரையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, பேச்சை நிறுத்திவிட்டு நில்லுங்கள். தானாகவே பாடும். இதற்கு எதற்குக் கைப்பேசி? என்னோடு வருபவர் யாராக இருந்தாலும் ஒரு முறை சொல்வேன், மறுமுறை போட்டால் நடையை அங்கேயே முடித்துவிடுவேன்.

உட்லண்ட்ஸ் பெரியவர்: கருடனை இங்கே பார்க்க முடியுமா, தம்பி?

தாராளமாகப் பார்க்கலாம் ஐயா. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல், நம் செம்பருந்தேதான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் மேல் வெயில் ஏறிய பிறகு வட்டமிடும். விடியற்காலை போக வேண்டாம், ஒன்பது மணிக்கு மேல் போங்கள்.

சுவா சூ காங்: கிளி வளர்க்க எங்கே வாங்கலாம்?

இங்கே கேட்காதீர்கள்.

ஹவ்காங்: போக நல்ல நேரம் எது?

முதல் பதிலைப் படியுங்கள். கரைப்பறவைக்குக் கடல்தான் நேரம் சொல்லும். காட்டுப் பறவைக்கு விடிந்த முதல் இரண்டு மணி நேரம்.

கிளமெண்டி: குழுவாகப் போக எத்தனை பேர் சரி? தீனி கொஞ்சம் கொண்டுவரலாமா, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

எட்டுப் பேருக்கு மேல் நான் கூட்டிப்போவதில்லை. ஒன்பதாவது ஆள் வந்தால் கடைசியில் நிற்பவருக்குக் காதில் எதுவும் விழாது. தீனி கூடாது. மூன்றாவது முறையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், ஒவ்வொரு நடையிலும் சொல்வதுதான்.

மரின் பரேட்: அவசரம். இப்போது எங்கள் சன்னலில் மோதி ஒரு பறவை விழுந்திருக்கிறது. பச்சை முதுகு, நீல இறக்கை, வயிற்றடியில் சிவப்பு. மூச்சு இருக்கிறது. தண்ணீர் கொடுக்கட்டுமா?

கொடுக்காதீர்கள். புரையேறும். அது நீலச் சிறகு ஆறுமணிக்குருவியாக இருக்கும், ஊரில் இருப்பதன் உறவு. இரவில் வலசை போகும்போது விளக்கிலும் கண்ணாடியிலும் ஏமாந்து மோதும். காலணிப் பெட்டியில் துணி விரித்து, மூடியில் ஓட்டை போட்டு, மெதுவாக உள்ளே வையுங்கள். இருட்டாக, சத்தமில்லாமல் இருக்கட்டும். திறந்து திறந்து பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பூனையையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். உடனே அக்ரெஸ் மீட்புக் குழுவையோ தேசியப் பூங்காக் கழகத்தையோ அழையுங்கள். பால்கனி விளக்கை அணைத்துவிடுங்கள்.

மற்றவர்கள் கேள்விகளை எழுதி வையுங்கள், நாளை வருகிறேன். இவரோடு இப்போது தொலைபேசியில் பேசப் போகிறேன்.