70-க்கும் 80-க்கும் பத்துதான் வித்தியாசமா?

கேள்வி: 2 டன் கியர்பாக்ஸை இரண்டு கால் செயின் ஸ்லிங்கில் (ஒரே வளையத்திலிருந்து இரண்டு செயின்கள் தொங்கும் தூக்குக் கருவி; ஒவ்வொரு செயினும் ஒரு கால்) தூக்க வேண்டும். கம்பி 10 மி.மீ. தடிமனுள்ள கிரேடு 70 செயின் (கிரேடு என்பது எஃகின் வலிமைத் தரம்) மலிவாகக் கிடைக்கிறது. தாங்கும் எடை ஏறக்குறைய கிரேடு 80 அளவுதான் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விற்பவர் சொல்லும் எடைக்கணக்கு பொய்யில்லை, ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது. 10 மி.மீ.யில் கிரேடு 70 சுமார் 3 டன், கிரேடு 80 என்றால் 3.15 டன். ஆனால் 70 என்பது லாரியில் சரக்கை இறுக்கிக் கட்டுவதற்கான கார்பன் எஃகு. தூக்குவதற்கு அலாய் (கலப்பு) எஃகுதான். அதாவது கிரேடு 80, 100, 120. இந்த அலாய் செயின் அறுவதற்கு முன் குறைந்தது 20 சதவீதம் நீள வேண்டும் என்பது விதி. சுமை மிஞ்சினால் கண்ணி நீண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

வெறும் கணக்குப்படி உங்களுக்கு 10 மி.மீ.கூடத் தேவைப்படாது. 8 மி.மீ. கிரேடு 80-இல் ஒரு கால் 2 டன் தாங்கும். இரண்டு கால்களும் கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்குக் குறையாமல் நின்றால் 2.8 டன், 30 டிகிரிக்கு இறங்கினால் மறுபடி 2 டன்தான். அதற்கும் கீழே போகவே கூடாது.

சரி, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது எடை நடுவில் இருந்தால் மட்டுமே செல்லும் கணக்கு. கியர்பாக்ஸில் பெரும்பாலும் எடை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அப்போது எடைக்கு அருகில், செங்குத்தாக நிற்கும் காலே பெரும் பங்கைச் சுமக்கும், மற்றது பேருக்குத்தான். எடை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஒரே கால் முழுச் சுமையையும் தாங்குவதாக வைத்துக் கணக்கிடுங்கள். அப்படிப் பார்த்தால் 8 மி.மீ. விளிம்பில் நிற்கிறது. 10 மி.மீ. கிரேடு 80 எடுப்பதே நல்லது.

அப்புறம், செயினின் நிறத்தைப் பார்த்துக் கிரேடை நம்பாதீர்கள். பெயின்ட் யாரும் அடிக்கலாம். கண்ணியிலேயே 8, 80 அல்லது 800 என்று பொறித்திருக்க வேண்டும். ஸ்லிங்கில் தாங்கும் எடை பொறித்த உலோகத் தகடு தொங்க வேண்டும். இடைத்தரகர்கள் ஒரே டெஸ்ட் சர்டிபிகேட்டை நகலெடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பார்கள். தகட்டு எண்ணும் அதிலுள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அது வெறும் காகிதம். செயினைத் தொட்டே பார்க்காமல் ஆய்வுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கும்வரை இந்த வியாபாரம் நடக்கும். நீங்களே காலிபரால் அளந்து பாருங்கள்: கண்ணியின் கம்பி 10 சதவீதம் தேய்ந்திருந்தால் தூக்கி எறியுங்கள். வெல்டிங் வைத்தோ, போல்ட் போட்டோ இணைத்த செயினை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.