ஒன்றரை வயசு ஆகப்போகுது, இன்னும் மிக்ஸில அடிச்சுத்தான் குடுக்கணுமா?

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு ஒரு வயசு நாலு மாசம், எடை சரியா ஏறுது, பால் தண்ணி எல்லாம் நல்லா குடிக்கிறான், ஆனா சாதம் ஒரு பருக்கை முழுசா போனாலே ஓக்காளம் வருதாம், அதனால எல்லாமே மிக்ஸிதான். மாமியார் "அவனுக்கு தொண்டை சின்னது, பல்லு பூரா வரட்டும்"னு சொல்றாங்களாம். டாக்டர்கிட்ட காட்டணுமான்னு கேள்வி.

நீங்க எழுதினதுல முக்கியமான விஷயம் அந்தத் தண்ணிதான்மா. விழுங்குறதுல கோளாறு இருக்கிற குழந்தைக்கு பெரும்பாலும் கூழை விட தண்ணிதான் கஷ்டம், ஏன்னா அது வேகமா ஓடிடும், மூச்சுக்குழாய் மூடுறதுக்குள்ள உள்ள போயிடும். நாம ஒரு வாய் விழுங்கும்போது நாக்கு சாப்பாட்டை உருட்டி பின்னாடி தள்ளுது, அண்ணாக்கு மேல போய் மூக்கு வழிய அடைக்குது, குரல்வளை மேல ஏறி மூடிக்குது, மூச்சு ஒரு கணம் நிக்குது, சாப்பாடு உணவுக்குழாய்க்குள்ள இறங்குது, தொண்டைல நடக்குற இந்த வேலை எல்லாம் சுமார் ஒரு செகண்ட்ல முடிஞ்சிடும். உங்க பையன் புரையேறாம தண்ணி குடிக்கிறான்னா இது ஒழுங்கா நடக்குதுன்னுதான் தோணுது. அவன் பழகாதது மெல்லுறது.

குறைமாசமா பிறக்காத குழந்தைக்கு சப்பி விழுங்குறது பிறவிலயே வந்துடும், மெல்லுறது அப்படி வராது, வாய்ல கட்டியா ஏதாவது பட்டு பட்டுத்தான் நாக்கு கத்துக்கும். 6 மாசத்துல இணை உணவு ஆரம்பிச்சு 9, 10 மாசத்துக்குள்ள கொஞ்சம் கட்டியா பழக்கிடணும்னு சொல்றது இதுக்குத்தான், அதுக்கு மேல தள்ளிப்போனா பிடிவாதம் கூடும். பல்லுக்காகக் காத்திருக்க வேணாம், கடவாய்ப்பல்லு வர்றதுக்கு முன்னாடியே ஈறு நல்ல கெட்டியா இருக்கும், குழைஞ்ச சாதம், இட்லி எல்லாம் அதுலயே நசுங்கிடும். ஓக்காளமும் நோய் இல்ல. சின்னக் குழந்தைக்கு நாக்கோட நடுப்பகுதியில பட்டாலே அது கிளம்பும், பழகப் பழக பின்னாடி நகரும். கூழே சாப்பிட்டவனுக்கு அது பழகவே சான்ஸ் கிடைக்கல, அவ்ளோதான்.

மிக்ஸிய இன்னைக்கே எடுத்து வைக்காதீங்க, அடிக்கிற நேரத்த கொறச்சுக்கிட்டே வாங்க, அப்புறம் மத்து, அப்புறம் கையால பிசைஞ்சது. தயிர் சாதத்துல கட்டியும் தண்ணியும் கலந்து இருக்கிறதால சில குழந்தைங்களுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம், அத கடைசியா வச்சுக்கோங்க. வெந்த பூசணி, வெந்த கேரட், பழுத்த வாழைப்பழம் விரல் நீளத்துக்கு நறுக்கி அவன் கையிலயே குடுங்க, ஊட்டுனா கடவாய் பக்கமா வைங்க. நம்ம ஊர் களி நல்ல சாப்பாடுதான், ஆனா நாமளே அத மெல்லாம முழுங்குறோம், ஒட்டவும் செய்யும், அதனால மெல்லப் பழக்க களி உதவாது, குடுத்தா கொழகொழன்னு கரைச்சு குடுங்க. நேரா உக்கார வச்சு, நீங்களும் கூட உக்காந்து வாயத் திறந்து மென்னு காட்டுங்க, போன் வேணாம். ஒரு சாப்பாட்ட 10, 15 தடவை கூட துப்புவான், பரவால்ல. கால்ல படுக்கப்போட்டு மூக்கப் பிடிச்சு ஊத்துறத மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீங்க, புரை ஏறுறதே அதுலதான்.

முகம் சிவந்து, நாக்க நீட்டி, சத்தத்தோட இருமுறான்னா அவனே வெளிய தள்ளிடுவான், வாய்க்குள்ள விரல் விடாதீங்க. சத்தமே வரல, இரும முடியல, உதடு நீலமாகுதுன்னா அதுதான் அடைப்பு: குப்புற சாய்ச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல 5 தட்டு, வரலைன்னா பின்னாடி இருந்து கட்டிப்பிடிச்சு தொப்புளுக்கு மேல உள்நோக்கி மேல்நோக்கி 5 அழுத்து, மாத்தி மாத்தி செய்யணும், கூட இருக்கிறவங்க 108க்கு கூப்பிடணும். (ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு வயித்த அழுத்தக் கூடாது, நெஞ்சுலதான்.) வேர்க்கடலை முழுசா 4, 5 வயசு வரைக்கும் வேணாம், நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு கெடக்கும், கூடவே புளியங்கொட்டையும் சீத்தாப்பழக் கொட்டையும். சீத்தாப்பழம் குடுத்தா கொட்டைய எடுத்துட்டுதான்.

சாப்பிடும்போதெல்லாம் இருமல், சாப்பிட்டதும் குரல் ஈரமா கொரகொரன்னு கேக்குறது, மூக்கு வழியா பால் வர்றது, அடிக்கடி நிமோனியா, எடை ஏறாதது, தினமும் ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல இழுக்குறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே காட்டணும். உங்களுக்கு இதெல்லாம் இல்ல, ரெண்டு மாசம் விடாம முயற்சி பண்ணியும் கட்டிய வாயில வைக்கவே விடலைன்னா தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில குழந்தைகள் பிரிவுக்கு கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி அவன் வீட்ல சாப்பிடுறத போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, அங்க போய் உக்காந்தா ஒரு குழந்தையும் வாயத் திறக்காது.